ஹோட்டல் அறையில் ஒரு புதிய ஏற்பாடு

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' (1899) நாவலை எப்போது படித்தாலும் கடைசிப் பக்கங்கள் எனக்கு உறுத்துகின்றன. சைபீரியாவில் ஓர் ஹோட்டல் அறை. இங்கிலீஷ்காரன் ஒருவன் கொடுத்த புதிய ஏற்பாட்டை நெஹ்லூதவ் தன்னந்தனியே பிரிக்கிறான். மலைப் பிரசங்கத்தில் ஐந்து கட்டளைகள் கணக்காகக் கிடைத்துவிடுகின்றன. மறுத்துப் பேச அறையில் யாருமில்லை. மாஸ்லவாவாவது பக்கத்தில் இருந்து, "அப்படியா?" என்று கேட்டிருக்கலாம்.

டால்ஸ்டாய் தாமே படித்த முறைதான் இது. ஐம்பது வயதுக்குமேல் கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு நான்கு சுவிசேஷங்களையும் மொழிபெயர்த்து ஒன்றாக்கினார். குருமார்களின் வியாக்கியானம் வேண்டாமென்றார். அற்புதங்களைத் தள்ளினார், உயிர்த்தெழுதலையும் தள்ளினார். மிஞ்சிய இயேசு டால்ஸ்டாயைப் போலவே பேசுகிறார்! 1901-ல் ருஷ்யத் திருச்சபை விலக்கிவைத்தபோதும் அசையாத அந்தத் துணிச்சல் பெரிதுதான். நாவலுக்கு அது போதவில்லை என்பதே என் கட்சி.

டாஸ்டாவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலில் படிப்பவர்கள் இருவர். லாஸரு எழுந்த கதையை ஸோன்யா வாசிக்கிறாள், கொலைகாரன் கேட்கிறான். அவள் குரல் நடுங்குகிறது. மெழுகுவர்த்தி அணையப் போகிறது. அவள் விசுவாசமும் அவன் ஏளனமும் ஒரே வாக்கியத்தின்மேல் மோதுகின்றன. விளக்கம் யாரும் சொல்வதில்லை. சைபீரியச் சிறையில் அதே புத்தகம் ரஸ்கோல்னிகாவின் தலையணையடியில் கிடக்கிறது. கையில் எடுக்கிறான். திறக்கவில்லை.

நெஹ்லூதவின் ஐந்து கட்டளைகளை வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு இன்னும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.