பசுமைக் குடியிருப்பும் மூத்திரச் சட்டியும்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என் கையில் திணிக்கப்பட்ட ஒரு வண்ண நோட்டீஸைப் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாமென்று தோன்றியது. சிறுமலை அடிவாரத்தில் கூட்டுக் குடியிருப்பாம். மண் சுவர் வீடுகள், பொதுச் சமையல்கூடம், மழைநீர்க் குளம், ரசாயனம் தொடாத காய்கறி. தலைப்பு 'கம்யூனிட்டி லிவிங்'. இந்தச் சொல்லுக்கு நம்மூரில் ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு. தாலுகா ஆபீஸில் கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்டுக்காகக் கால்கடுக்க நின்ற எவருக்கும் அது தெரியும். நோட்டீஸ் அந்த அர்த்தத்தை அழித்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுதுகிறது. அழித்தது முழுசா அழியவில்லை. வரைபடத்தில் மலை, ஓடை, தோப்பு, பக்கத்து ஊர் எல்லாம் இருக்கிறது. காலனி மட்டும் இல்லை.

சேர்ந்து வாழ்கிற கனவு நமக்குப் புதுசில்லை. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர்களும் இருந்தார்கள். சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் குடும்பங்கள். வேலைக்காரர் கிடையாது, சமையல் தொடங்கிக் கக்கூஸ் வரை சொந்தக் கைதான். மலத்தைக் குழி தோண்டிப் புதைத்து எருவாக்கினார்கள், கழிவுநீரை மரங்களுக்கு விட்டார்கள். இன்றைக்குப் பசுமை என்று விற்கிற பலதும் அங்கே இருந்தது, விற்பனை தவிர.

இதைப் புனிதமாக்கிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அதற்கு முன் 1898இல் டர்பன் வீட்டில் நடந்ததைச் 'சத்திய சோதனை'யில் காந்தியே எழுதியிருக்கிறார். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவக் குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே தூக்கி வருகிறார். முகம் சுளிக்காமல் தூக்கணும் என்கிறார் கணவர். வாக்குவாதம் முற்றி, கையைப் பிடித்து வாசல் கேட் வரைக்கும் இழுத்துப் போகிறார். சாதி ஒழிப்பு வேலை பொண்டாட்டி தலையில் இறங்கிய இடம் இது. அந்த அழுகையில் சாதி அருவருப்பும் இருக்கிறது, ஆண் கட்டளைக்கு எதிரான முனகலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிற வாசிப்புகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்பேத்கரின் ஆட்சேபம் இதைவிட அடிப்படையானது. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் அவர் வெளியிட்ட நூலில், பீ அள்ளுவதை உயர்ந்த தொண்டாகப் புகழ்வது, அள்ளுகிறவனை அங்கேயே நிறுத்திவைக்கிற காரியம் என்று வாதிடுகிறார். விருந்தாளியாக ஒருநாள் அள்ளுகிறவனும் பிறப்பால் அள்ளுகிறவனும் ஒன்றல்ல.

இதே சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிப் பக்கம், 1947இல் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஐயங்கார் குடும்பத்து விதவையும் மலையாள நாயரும் 1940இல் கலியாணம் செய்துகொண்டவர்கள். கம்யூனிட்டியை மீறிய இருவர் உண்டாக்கிய கம்யூனிட்டி. காந்தியக் கிராமத்தின் மேல் நமக்கு விமர்சனம் நிறைய உண்டு. கிராமத்தை அலகாகக் கொள்வதையே 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் நிராகரித்துப் பேசினார். ஆனாலும் அங்கே சாதி ஒரு கேள்வியாகவாவது இருந்தது.

நோட்டீஸ்காரர்கள் காந்தியிடமிருந்து மண் சுவரையும் எருக்குழியையும் எடுத்துக்கொண்டு, அள்ளுகிற கையை விட்டுவிட்டார்கள். சூழலியல் பேசும் நம் நண்பர்களும் இந்த இடத்தில் மௌனம்தான். தோல் ஷாப்புக் கழிவு இறங்கிக் கிணறுகள் கெட்டுப்போன ஊர் இது. கெட்ட தண்ணியிலிருந்து விலகிப்போக வசதி உள்ளவனுக்கு அடிவாரம், இல்லாதவனுக்குக் குடமும் லாரியும். 'இயற்கை' என்பது இங்கே நிலத்தின் பெயரல்ல, விலகலின் பெயர்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான சட்டம் 2013இல் வந்தாயிற்று. நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மழைநீர், சோலார், நாட்டு மாடு என்று தம்பி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கக்கூஸ் தொட்டி ரொம்புனா யாருங்க எடுப்பா என்று கேட்டேன்.

"அதெல்லாம் மெயின்டனன்ஸ்ல வந்துரும் சார். பக்கத்துலயே ஆளு இருக்கு."