இரண்டு பெட்டி வீடும் ஒரு ஜாயின்ட்டும்

திருத்தணியில் கோடைக்காலச் செங்கல் சுவர் இரவு பத்து மணிக்கும் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலை, நாம் பாய் விரிக்கும் நேரத்தில்தான் வீட்டுக்குள் விட ஆரம்பிக்கும். நான் சில வாரங்களாகக் குடியிருக்கும் பஃப் பேனல் (இரும்புத் தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகை) மாடுலர் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. சுவரில் கனம் இல்லாததால் சேர்த்து வைக்க வெப்பமும் இல்லை. பொழுது சாய்ந்து ஜன்னலைத் திறந்தால் அறை ஆறிவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இதை விட்டுப் போக மனமில்லை.

இரும்புச் சட்டம், 50 மி.மீ. பேனல், சிமென்ட் போர்டு தரை எல்லாம் எந்த விளம்பரத்திலும் இருப்பவைதான். விளம்பரத்தில் இல்லாதது, கூடத்தின் நடுவே ஓடும் ஜாயின்ட்.

‘உங்கள் விருப்பப்படி எந்த அளவிலும்’ என்கிறார்கள். உண்மையில் அகலத்தை முடிவு செய்வது சாலை. மோட்டார் வாகன விதிப்படி சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தனி அனுமதி வேண்டும். அதனால் தொழிற்சாலையில் முழுதாக முடித்து, சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் வந்து இறங்கும் பெட்டி எட்டடி அகலத்தோடு நின்றுவிடுகிறது. எட்டடி அறையில் கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்க வழியில்லை. ஆகவே 20 அடி நீளப் பெட்டிகள் இரண்டைக் கிரேனில் இறக்கிப் பக்கத்துப் பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். 320 சதுர அடி வீடு தயார். இரண்டு பெட்டிகளும் சேரும் கோடுதான் அந்த ஜாயின்ட். (ஆடிக் கிருத்திகையை ஒட்டி மட்டும் தேதி குறிக்காதீர்கள். காவடிக் கூட்டத்துக்கு நடுவே டிரெய்லரும் கிரேனும் ஊருக்குள் நுழைய முடியாது.)

சிக்கல் அங்கேதான். இரும்பு, சூடு ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். நம் ஊர் வெயிலில் கூரைத் தகட்டின் சூடு விடியலுக்கும் நடுப்பகலுக்கும் இடையே 40 டிகிரி ஏறினால், ஒவ்வொரு பெட்டிக் கூரையும் நீளத்தில் கிட்டத்தட்ட 3 மி.மீ., அகலத்தில் 1 மி.மீ.க்கு மேல் விரியும். பகலில் விரிந்து ஒன்றையொன்று நெருக்கிய தகடுகள், சாயங்கால இடிமழையின் முதல் தூறல் பட்டதும் சட்டென்று சுருங்கி விலகுகின்றன. இடைவெளி திறப்பதும் மழை கொட்டுவதும் ஒரே நேரத்தில்! நடுவில் பூசிய சிலிக்கான் இந்த இழுபறியில் ஒரு பக்கம் பிடி விட்டுவிடுகிறது. பிறகு கூடத்தில் வாளி வைக்க வேண்டியதுதான்.

“இன்னொரு கோட் சிலிக்கான் அடிச்சா சரியாயிடும் சார்” என்றார் பொருத்த வந்தவர். ஆகவில்லை. பசையை நம்பி ஒரு வீட்டின் கூரையை விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஏனென்றால் இணைப்பை மதித்துக் கட்டியவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். சென்னை ஐஐடி வளாகத்தில் எழுந்த ஜிஎஃப்ஆர்ஜி (கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம்) மாதிரி வீட்டில், ஜிப்சம் பலகைகளின் உள்ளறைகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றிச் சுவர்களை ஒன்றாக்கினார்கள். சென்னை பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று திறக்கப்பட்ட 1,152 குடியிருப்புகளும் ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கோத்துக் கட்டியவையே. அந்த முறை நம்மைப் போல ஒற்றை வீடு கட்டுபவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பாகங்கள் சேரும் இடத்தில்தான் வேலை இருக்கிறது என்ற அறிவு சின்ன வீட்டுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. இரண்டு கூரைகளையும் ஜாயின்ட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து, நடுவில் ஒரு ரிட்ஜ் கேப் (முகட்டுத் தகடு) கவிழ்த்தால் தண்ணீர் அந்தப் பக்கமே வராது. அந்தத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் திருகி, மறுபக்கம் நகர விட வேண்டும். தொழிற்சாலையில் செய்தால் செலவு சொற்பம். வீட்டை இறக்கிய பிறகு என்றால், மேலே தனி ஷீட் கூரைதான் போட வேண்டும்.

பெற்றோருக்கு ஓர் அறை, சின்னக் கடை என ஒற்றைப் பெட்டி போதுமானவர்கள் தயங்காமல் வாங்கலாம். இரண்டு பெட்டி வேண்டுமென்றால், முன்பணம் கொடுக்கும் முன் கூரை ஜாயின்ட்டின் வரைபடத்தைக் கேளுங்கள். அதில் சிலிக்கான் மட்டும் இருந்தால் வேறு கம்பெனி பாருங்கள்.