சுபின் மேத்தாவின் இசைப்பணியும் அதன் எச்சமும்

சுபின் மேத்தா (பிறப்பு: ஏப்ரல் 29, 1936) மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த மேற்கத்தியச் செவ்வியல் இசை நடத்துநர். இவரது தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பனி இசைக்குழுவை நிறுவியவர். மேத்தா 1954-இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். 1958-இல் லிவர்பூல் நடத்துநர் போட்டியில் முதலிடம் பெற்றார்.

மேத்தாவின் உயர்வில் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் ஷோல்டிக்கு மறைமுகமான பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக் இசைக்குழுவுக்கு இயக்குநராகத் தேர்வாகியிருந்த ஷோல்டி, தம்மைக் கேட்காமல் மேத்தாவைத் துணை நடத்துநராக்கியதை ஏற்காமல் 1961-இல் விலகினார். அப்பொறுப்பை 1962 முதல் 1978 வரை மேத்தா வகித்தார். பின்னர் 1991 வரை நியூயார்க்கில் பணியாற்றினார். 2019-இல் இஸ்ரேல் பில்ஹார்மானிக் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார்.

புரூக்னர், மாலர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஆகியோரின் பெரும் படைப்புகளில் செறிவான ஒலியை எழுப்புவது மேத்தாவின் வலிமை. அதே இயல்பையே நியூயார்க் விமர்சகர்கள் சிலர் ஆழம் குறைந்த பகட்டு என்றனர். ஆனால் ஒரே குழுவுடன் பல்லாண்டுகள் நிலைத்திருந்ததை வெறும் பகட்டால் விளக்க முடியாது.

ஷோல்டியுடன் ஒப்பிடும்போது வேறொரு வேறுபாடு தெரிகிறது. ஷோல்டி, ஃபிரிட்ஸ் ரெய்னர், யூஜின் ஒர்மாண்டி ஆகியோர் 1875-இல் தொடங்கப்பட்ட புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் உருவானவர்கள். அவர்கள் நாட்டைவிட்டுச் சென்றபின்னும் அந்தப் பள்ளி நிலைத்தது. மேத்தாவுக்கு முதற்பள்ளி தந்தையின் வீடு. வீட்டில் கற்றது மகனுக்குப் போதுமானதாக இருந்தது. ஊருக்கு அது போதவில்லை. மும்பையில் இந்திய சிம்பனி இசைக்குழு 2006-இல்தான் உருவானது.

இதன் விளைவைத் தமிழ்நாடும் அறியும். 2005-இல் இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்புக்கு வாசித்தது புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழு. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாக, மேத்தா சென்னை மியூசிக் அகாதமியில் நிகழ்ச்சி நடத்தினார். வாசித்தது பவேரிய அரசு இசைக்குழு. 2025-இல் இளையராஜாவின் சிம்பனி அரங்கேறியதும் லண்டனில், அங்குள்ள குழுவைக் கொண்டுதான்.

இக்குறையை மேத்தாமீது சுமத்துவது நியாயமன்று. தந்தையின் பெயரிலான அறக்கட்டளை மும்பைக் குழந்தைகளுக்கு இசை கற்பிக்க அவர் துணைநிற்கிறார். எனினும் நடத்துநரின் கையில் இருப்பது ஒரு கோல் மட்டுமே. ஒலி எழுப்புவோர் எதிரே அமர்ந்திருக்கும் கலைஞர்கள். அவர்களைத் தலைமுறைதோறும் உருவாக்கும் பள்ளிகள் இல்லாதவரை, இன்னொரு மேத்தா பிறந்தாலும் அவரும் விமானம் ஏறவே வேண்டியிருக்கும்.