ஸ்மிதர்ஸின் இருபத்தாறு வருடங்கள்

'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் ஸ்மிதர்ஸ் என்றொரு பாத்திரம் உண்டு. முழுப்பெயர் வேலன் ஸ்மிதர்ஸ். அமெரிக்கர்கள் வேறு மாதிரி உச்சரிப்பார்கள், நம் காதுக்கு வேலன்தான். ஸ்பிரிங்ஃபீல்டு அணுமின் நிலையத்தின் முதலாளியான கிழவர் பர்ன்ஸின் உதவியாளன். 1990 ஜனவரியில் முதன்முதலாகத் திரையில் முகம் காட்டினான். அவன் முதலாளியைக் காதலிக்கிறான் என்பது இரண்டு மூன்று வருடங்களுக்குள் தொடரைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பர்ன்ஸுக்கு மட்டும் தெரியாது. அந்தக் காதல் பூடகம் இல்லாமல் ஒரு கதையின் மையத்துக்கு வந்தது 2016 ஏப்ரல் 3 அன்று, 'தி பர்ன்ஸ் கேஜ்' என்ற பகுதியில். நடுவில் இருபத்தாறு வருடங்கள்.

அந்த இருபத்தாறு வருடங்களில் அவனுக்குக் கிடைத்தவை எல்லாம் பத்து விநாடித் துண்டுகள். 1992இல் ஒரு கனவு: பர்ன்ஸ் ஜன்னல் வழியாகப் பறந்து அவன் படுக்கையறைக்கு வருகிறார். 1993இல் ஒரு கற்பனை: பிறந்தநாள் கேக்குக்குள்ளிருந்து ஆடையில்லாமல் எழுந்து பாடுகிறார். 1996இல் அவன் விடுமுறைக்குப் போகுமிடத்தில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள். துண்டு முடிந்ததும் அவன் மறுபடியும் கோப்பைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் பின்னால் நடப்பான். ஒருமுறை நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்ற அம்மா, "யார்ரா அவன், அந்தக் கெழவன் பின்னாடியே சுத்தறவன், கணக்குப்பிள்ளையா?" என்றார். ஆங்கிலம் தெரியாமலே சரியாகப் பிடித்துவிட்டார். எங்கள் தியாகதுருகம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் மண்டிகளிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். முதலாளிக்கு எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்று அவர் வீட்டம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர். ஸ்மிதர்ஸின் காதலையும் அவனுடைய உழைப்பையும் பிரித்தெடுக்க முடியாது. பர்ன்ஸோ அத்தனை வருடம் வேலை பார்க்கும் ஹோமர் சிம்ப்சனின் பெயரையே ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறவர்.

இன்னொரு தகவல். ஸ்மிதர்ஸ், பர்ன்ஸ் இருவருக்கும் குரல் கொடுப்பவர் ஒரே நடிகர், ஹாரி ஷீரர். கெஞ்சுவதும் அதே தொண்டை, விரட்டுவதும் அதே தொண்டை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சிகளைப் பழையபடி பார்க்க எனக்கு முடியவில்லை.

நீண்டகாலம் ஓடும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர்களில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 'பிரதிநிதித்துவம்' என்ற அளவுகோலை எடுப்பார்கள். எத்தனை பாத்திரங்கள், எந்த வருடம், முத்தம் உண்டா இல்லையா என்று. அந்தக் கணக்கு தேவைதான். எனக்கு உறுத்துவது வேறொன்று: இந்தத் தொடர்களின் ஞாபகமறதி.

பார்ட் சிம்ப்சனுக்கு 1989இல் பத்து வயது, இன்றும் பத்து வயது. 700 பகுதிகளைத் தாண்டிய பிறகும் வீடு அதே வீடு. எது எரிந்தாலும், யாருக்கு வேலை போனாலும் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. எங்கள் தொழிலில் இதை 'ஸ்டேட்லெஸ்' என்போம். ஒவ்வொரு முறை நாம் கதவைத் தட்டும்போதும் சர்வர் நம்மைப் புதிதாகப் பார்ப்பதுபோலவே பார்க்கும், போன முறை பேசியது எதுவும் அதற்கு நினைவிருக்காது. நினைவிருக்க வேண்டுமென்றால் எங்காவது எழுதிவைக்க வேண்டும். ஒருதலைக் காதல் நகைச்சுவைக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும், அதற்கு நேற்று என்ற ஒன்றே வேண்டாம். பதில் கிடைத்த காதலுக்கு நேற்றைய சண்டை வேண்டும், போன மாதம் கொடுத்த வாக்கு வேண்டும். அதனால் ஸ்மிதர்ஸ் வேடிக்கையாக இருந்தவரை இருபத்தாறு வருடம் தாக்குப்பிடித்தான். அவன் காதலைப் பெரிதாக எடுத்துக்கொண்ட இரண்டு முறையும் காதலன் அரைமணி நேரத்துக்குள் வந்து, அரைமணி நேரத்துக்குள் போய்விட்டான்.

2016இல் ஹோமரும் மற்றவர்களும் சேர்ந்து அவனுக்குத் துணை தேட, ஹூலியோ கிடைக்கிறான். ஆனால் மனம் பர்ன்ஸிடமே இருப்பதால் அது நிலைக்கவில்லை. எழுதியவர் ராப் லஸெப்னிக், தன்பாலீர்ப்பு கொண்ட தன் மகனை நினைத்து எழுதியது. 2021 நவம்பரில் அப்பாவும் மகன் ஜானியும் சேர்ந்தே இன்னொன்று எழுதினார்கள். இந்த முறை ஒரு ஃபேஷன் முதலாளியோடு நிஜமான காதல், மென்மையான காட்சிகள். அவனுடைய ஆடைத் தொழில் செய்யும் அக்கிரமம் தெரிந்ததும் ஸ்மிதர்ஸ் விலகிவிடுகிறான். அப்பா மகனுக்கு எழுதிய கடிதம்போல இருக்கும் இந்த இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும், அணு உலைக் கழிவைக் கொட்டும் ஒரு முதலாளியை முப்பது வருடம் பொறுத்துக்கொண்டவன் துணிக்கடை முதலாளியை மட்டும் அறத்தின் பேரில் விட்டுவிடுகிறான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அந்த முடிவு அவனுடையதல்ல, அடுத்த வாரத்து அட்டவணையுடையது.

வேடிக்கையாக இருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரி விடுதியில் எங்கள் தளத்தில் ஓர் அறையை 'புருஷன் பொண்டாட்டி ரூம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வருடமும் அதே கிண்டல், அதே சிரிப்பு, அந்த இருவரும் சேர்ந்தே சிரிப்பார்கள். பல வருடம் கழித்து அவர்களில் ஒருவன் போனில் சொன்னான்: "அவனுங்க ஓட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரலடா. ஃபேர்வெல் அன்னிக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இனிமே எங்கள யாரும் ஜோக்கா பாக்க மாட்டாங்களேன்னு." மற்றவனுக்கு இரண்டு வருடத்தில் வீட்டில் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

சிம்ப்சன்ஸில் இந்த விஷயத்தை மிகக் கூர்மையாகத் தொட்டது 1997 பிப்ரவரியில் வந்த 'ஹோமர்ஸ் ஃபோபியா'. முதலில் சேனலின் தணிக்கையாளர்கள் ஆட்சேபித்தார்கள். பிறகு வந்தது, எம்மியும் வாங்கியது. இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் குரல் கொடுத்த கடைக்காரரை ஹோமருக்கு மிகவும் பிடித்துவிடுகிறது. அவர் யாரென்று மனைவி புரியவைத்ததும் பிடிக்காமல் போகிறது. மகனை 'ஆம்பளையா' ஆக்க உருக்காலைக்கு அழைத்துப் போகிறார், அங்கே வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள். அதில் ஹோமர் ஒரு புகார் சொல்வார்: உங்களைக் கிண்டல் செய்ய நாங்கள் வைத்திருந்த சொல்லை நீங்களே எடுத்துக்கொண்டு விட்டீர்களே, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, மரியாதையான சொற்களின் தொகுப்பைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஹோமரின் இந்தப் புகார்தான். நம் சினிமா நகைச்சுவைக்குக் கைவசமிருந்த சொற்களை எடுத்துவிட்டால் அரைவாசி வசனகர்த்தாக்கள் வாயடைத்துப் போவார்கள்.

2005இல் மார்ஜின் அக்கா பேட்டி, தான் லெஸ்பியன் என்று சொல்கிறாள். பகுதி தொடங்கும் முன்பே எச்சரிக்கை வாசகம் போட்டு ஒளிபரப்பினார்கள். மணமேடையில் மணப்பெண் உண்மையில் ஓர் ஆண் என்று தெரியவந்து கல்யாணம் நிற்கிறது. அதன்பிறகு பேட்டி லெஸ்பியன் என்பதைத் தொடர் மறக்கவில்லை. அடையாளத்தைச் சேமித்துவைத்தார்கள், உறவைச் சேமிக்கவில்லை.

தமிழில் பெரியவர்களுக்கான நீண்ட கார்ட்டூன் தொடர் கிடையாது. அந்த இடத்தில் நமக்கு இருப்பது விஜய் டிவியின் 'அது இது எது' மாதிரியான நிகழ்ச்சிகளின் லேடி கெட்டப். ஆணை ஆண் துரத்துவான், அரங்கம் சிரிக்கும், அடுத்த வாரம் வேறு சேலை. விதிவிலக்காக வெங்கட் பிரபுவின் 'கோவா'வைச் (2010) சொல்வேன். சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் நடித்த அந்த ஜோடியைப் படம் கிண்டல் செய்யாமல் இல்லை. ஆனாலும் அவர்கள் ஜோடி.

இந்த 'மறுபடியும் முதலிலிருந்து' எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் புதிதல்ல. உளுந்தூர்பேட்டை வட்டத்தில் கூவாகம் இருக்கிறது. நாளை களப்பலியாகப் போகும் அரவான் ஒரு நாளாவது கல்யாணம் கட்டி வாழ வேண்டும் என்கிறான். சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாகி வந்து மணக்கிறான். சித்திரையில் திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்வது அந்த இரவின் தொடர்ச்சி. இதைத் தன்பால் திருமணம் என்று சொல்வது தவறு, அவர்கள் பெண்களாகவே அரவானை மணக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது அந்தச் சடங்கின் காலத்தை மட்டும். ஓர் இரவுக் கல்யாணம், விடிந்தால் தாலி அறுபடும், வளையல் உடையும், வெள்ளைச்சேலை. அடுத்த சித்திரையில் மறுபடியும் மஞ்சள் கயிறு. கூவாகத்திலும் கதை தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது, ஆனால் ஊரறிய மார்பில் அடித்து அழுது முடித்த பிறகுதான் திரும்புகிறது. ஸ்மிதர்ஸுக்கு ஒப்பாரி வைக்க நேரம் ஒதுக்கப்படவில்லை. ஹூலியோ போனதற்கும் அடுத்த வாரம் அவன் கோப்பைத் தூக்குவதற்கும் நடுவில் வெறும் விளம்பரங்கள்.

இதைச் சரியாகச் செய்தது, நான் சற்றும் எதிர்பாராத இடமான 'சவுத் பார்க்'. கெட்ட வார்த்தைக்கும் அசிங்கத்துக்கும் பேர்போன தொடர். 2015 அக்டோபரில் 'ட்வீக் எக்ஸ் க்ரெய்க்' என்ற பகுதி வந்தது. ட்வீக், க்ரெய்க் என்ற இரண்டு பையன்களும் காதலர்கள் என்று பள்ளியிலுள்ள ஆசியப் பெண்பிள்ளைகள் படம் வரைகிறார்கள். ஜப்பானிய யாவோய் பாணி ஓவியங்கள், உண்மையான ரசிகர்கள் வரைந்து அனுப்பியவற்றையே பயன்படுத்தினார்கள். இருவருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. ஊருக்கோ ஒரே பெருமை. வதந்தியை முடிக்க எல்லோர் முன்பும் பிரிவதுபோல நடிக்கிறார்கள், ஊரே சோகத்தில் மூழ்குகிறது. கடைசியில் கைகோத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கர்கள் இதை ரசிகர் மோகத்தின் மீதான நையாண்டியாகப் பார்த்தார்கள். நம் ஊரிலிருந்து பார்த்தால் இது அச்சு அசல் அரேஞ்ச்டு மேரேஜ். சம்பந்தப்பட்ட இருவரைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறார்கள், 'ஜோடிப் பொருத்தம் பாரு' என்கிறார்கள், வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் முகம் வாடிப்போகிறது. சரி என்று கையைப் பிடித்த பிறகு எப்படியோ பிரியமும் வந்துவிடுகிறது. என் விடுதி நண்பனுக்குக் கிடைக்காத ஊர் அது.

முக்கியமாக, சவுத் பார்க் அதை மறக்கவில்லை. 2017இல் 'புட் இட் டவுன்' பகுதியில் வடகொரியா குண்டு போட்டுவிடும் என்று ட்வீக் நடுங்குகிறான். க்ரெய்க் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு தீர்வு கொண்டுவருகிறான், ஒன்றும் பலிக்கவில்லை. நானும் வீட்டில் இப்படித்தான், பிரச்சினையைக் கேட்டு முடிப்பதற்குள் தீர்வை நீட்டுகிற ஜாதி. கடைசியில் அவன் தீர்வு சொல்வதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொள்கிறான். அந்தப் பகுதியில் அவர்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் என்பதை வைத்து நகைச்சுவை எதுவும் கட்டப்படவில்லை. சண்டை வந்தது, தீர்ந்தது. பின்வந்த சீசன்களிலும் இருவரும் ஜோடியாகவே வந்துபோகிறார்கள். பெரும்பாலும் கதை வேறு யாரையோ பற்றியதாக இருக்கும், இவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் பள்ளித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.