துவர்ப்பு கனியும் காலம்

பச்சை வாழைக்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றால் நாக்கு சுருங்கும். ஈறுகளை யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல இருக்கும். அதே காய் பழுத்துவிட்டால் அந்தத் துவர்ப்பு போன இடம் தெரியாது. துவர்ப்பை அறுசுவைகளில் ஒன்றாக எண்ணிப் பழகிய நமக்கு, இத்தாலியின் பரோலோ ஒயினை நெருங்குவதில் ஒரு வசதி இருக்கிறது. வாழைக்காய் நான்கைந்து நாளில் செய்வதை அந்த ஒயின் செய்து முடிக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஆனால் எல்லா ஆண்டின் ஒயினும் ஒரே வேகத்தில் கனிவதில்லை. சில ஆண்டுகள் கனியாமலே வெம்பிப்போகும். எது கனிந்தது, எது வெம்பியது, எது இன்னும் காயாகவே நிற்கிறது என்று நாக்கால் படிப்பதில்தான் பழைய ஒயின்களை ஒப்பிட்டுப் பார்ப்பதன் சுகமே இருக்கிறது.

வடமேற்கு இத்தாலியில், பீட்மாண்ட் மாநிலத்தின் ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் 11 ஊர்களில் மட்டும் பரோலோ உருவாகிறது. நெபியோலோ என்ற ஒரே திராட்சை. வேறு எதையும் கலக்கக் கூடாது. அறுவடைக்குப் பிறகு குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் இருந்தால்தான் விற்பனைக்கு விடலாம். ரிசர்வா என்று போடவேண்டுமானால் 62 மாதங்கள். இது அவசரக்காரர்களின் ஒயின் அல்ல என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது.

நெபியோலோ ஒரு வினோதமான பழம். பார்த்தால் சாது, நிறம் வெளுப்பு. வாயில் வைத்தால் டானினும் புளிப்பும் ஒன்றையொன்று முந்தும். டானின் என்பது வேறொன்றுமில்லை, தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள், கடுந்தேநீரில் இருப்பதுபோன்றதுதான். பாட்டிலில் கிடக்கும் ஆண்டுகளில் டானின் துணுக்குகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்துகொள்கின்றன. பெருத்துப்போனவை அடியில் வண்டலாகப் படிகின்றன. துவர்ப்பு மட்டுப்படுகிறது, நிறம் வெளுக்கிறது. புளிப்பு மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. கிழ ஒயினை நிமிர்த்தி நிறுத்தும் முதுகெலும்பு அதுதான். துவர்ப்பு கரைந்தபிறகும் புளிப்பு நின்றால் ஒயின் உயிரோடிருக்கும். புளிப்பே இல்லாமல் துவர்ப்பு மட்டும் மிஞ்சினால், சாறு போன சக்கைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆல்பாவில், ஒரு சிறிய ஒயின் கடையின் பின்னறையில், ஒரே தயாரிப்பாளரின் 1996, 1997 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தேன். 1997 வெயில் கொளுத்திய ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்து, புளிப்பு தணிந்து, ஒயின் இளமையிலேயே இனித்தது. வந்த புதிதில் உலகமே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 1996 குளிர்ந்த ஆண்டு. பிறந்ததிலிருந்தே முறைத்துக்கொண்டு நின்றது, வாங்கியவர்கள் பொறுமையிழந்தார்கள். இரண்டும் இருபது வயதைத் தாண்டியிருந்த அந்த மாலையில் 1997இன் கோப்பையில் உலர்ந்த அத்திப்பழமும் சுண்டக் காய்ச்சிய பழக்குழம்பின் வாசனையும் இருந்தன, விழுங்கியதும் தீர்ந்துபோனது. 1996இன் கோப்பையை முகர்ந்தபோது முதலில் ஒன்றுமே இல்லை. அரைமணி கழித்து வாடிய ரோஜா வந்தது. பிறகு தார், கூடவே மழை நனைத்த காட்டுச் சருகு. விழுங்கியபின் அந்த வாசனை தொண்டையிலேயே குடியிருந்தது. எந்த ஒயினுக்கு என் மனசு அன்று சாய்ந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நீங்களும் இப்படிச் செய்து பார்க்க விரும்பினால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்டைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒரே தயாரிப்பாளர், ஒரே குன்று. லா மோரா ஊரின் மண்ணில் விளைந்தது மென்மையாக, சீக்கிரம் இணங்கும். செரலுங்காவின் மண்ணில் விளைந்தது முறுக்கோடு நின்று மெல்ல இறங்கும். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துவிட்டு ஆண்டைப் பற்றிப் பேசினால் பேச்சு தடம் மாறிவிடும். பீப்பாயும் அப்படித்தான். 1980, 90களில் இந்தக் குன்றுகளில் பெரிய சண்டையே நடந்தது. பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரும்பீப்பாய்களை விட்டுவிட்டு, 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்குச் சிலர் மாறினார்கள். ஏலியோ அல்தாரே என்பவர் தன் தந்தையின் பெரும்பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தே போட்டார். எதிரணியில் பார்த்தோலோ மஸ்கரேல்லோ கடைசிவரை பெரும்பீப்பாயை விடவில்லை. ஆகவே நடுவில் பீப்பாயை மாற்றிய வீட்டின் ஒயின்களை வரிசையாக வைத்தால், நாம் ருசிப்பது வானிலையையா மரத்தையா என்று பிரிக்கமுடியாது.

பழைய பாட்டிலை ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை பழைய பாட்டிலை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அன்றிரவே திறந்தேன். ஆற்றுவெள்ளம்போலக் கலங்கி வந்தது, கசந்தது. கெடுத்தது என் அவசரம், ஒயினின் குற்றமல்ல. திறந்ததும் ஊறிய அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒரு பாட்டிலை வைத்து ஆண்டுக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

வெப்பம் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். அதைவிடச் சூடானால் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். 750 மில்லி பாட்டிலை எட்டுப் பேர் 60 மில்லி வீதம் பகிர்ந்தாலும் இரண்டாம் சுற்றுக்கு மிஞ்சும். அந்த இரண்டாம் சுற்று முக்கியம். ஒருமணி நேரம் காற்றுப் பட்டபின் வரிசையே தலைகீழாகலாம். இளையதிலிருந்து தொடங்குவோர் உண்டு. நான் பழையதிலிருந்தே தொடங்குவேன். இளம் பரோலோவின் துவர்ப்பு நாக்கை மரக்கவைத்துவிட்டால், அதன்பின் வரும் கிழவரின் மெல்லிய குரல் கேட்காது. இடையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். பாலாடைக்கட்டி துவர்ப்பை மூடிவிடும். அதைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். செங்கல் நிறமோ ஆரஞ்சோ தெரிந்தால் பயப்படாதீர்கள். நெபியோலோவின் நிறம் நிலையற்றது. பத்து வயதிலேயே இப்படித் தெரிவது அதன் சுபாவம். ஒரு வாய் எடுத்து, துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். வாய் முழுக்கப் பரவிப் பட்டுபோல இருக்கிறதா, ஈறில் மட்டும் மண்போல உறுத்துகிறதா? விழுங்கியபின் வாயில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் புளிப்பு உயிரோடிருக்கிறது, இன்னும் சில ஆண்டு வைக்கலாம். வாய் உலர்ந்துபோனால் மிச்சமிருக்கும் பாட்டில்களைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

2003இன் பரோலோவில் இதைத் தெளிவாக உணரலாம். ஐரோப்பாவே வெந்த கோடை அது. தோலில் துவர்ப்பு முற்றுவதற்கு முன்பே பழத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. பல பாட்டில்களில் இன்று பழச்சுவை போய் வறண்ட துவர்ப்பு நிற்கிறது. வெம்பல் என்று நான் சொன்னது இதைத்தான். அதற்கு முந்தைய 2002இல் மழையும் ஆலங்கட்டியும் தோட்டங்களை அடித்துத் துவைத்தன. பலர் அந்த ஆண்டு பரோலோவையே வெளியிடவில்லை. ஆனால் கியாகோமோ கொன்தெர்னோ குடும்பம் தன் புகழ்பெற்ற பரோலோவான மோன்ஃபோர்தீனோவை அதே ஆண்டில் செய்தது. ஆண்டின் பெயரை மட்டும் நம்பி ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்போது தேடத் தொடங்குவோருக்கு என் யோசனை 2010, 2011 ஜோடி. முன்னது குளிர்ந்து நீண்ட ஆண்டு, பின்னது சூடான ஆண்டு; 1996, 1997 கதையின் அடுத்த தலைமுறை. 2011 இப்போதே வாசலில் வந்து நின்று வரவேற்கும். 2010இன் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டும். இன்னும் பொறுமை உண்டென்றால் 2016ஐ வாங்கி இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து மறந்துவிடுங்கள்.

எல்லாரும் விடைபெற்றுப் போனபின் கோப்பைகளை உடனே கழுவிவிடாதீர்கள். எது எந்த ஆண்டு என்று குறித்து, மேசையிலேயே விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் காபிக்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பாருங்கள். ஒயின் தீர்ந்த கண்ணாடியின் அடியில் ஒரு சிவந்த வளையம் உலர்ந்திருக்கும். சூடான ஆண்டின் கோப்பையில் வெல்ல வாசனை இருக்கும். அந்தக் குளிர்ந்த ஆண்டின் கோப்பையில் இன்னமும் ரோஜா இருக்கும்.