தறியொலியும் இசைநுகர்ச்சியும்

பொறிகள் பெருகப் பெருக இசைச்சுவை குன்றிற்று என்பார் ஒரு சாரார். பொறிகளே இசையை எளியோர்க்கும் உரியதாக்கின என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பாட்டையும் பாடுவோரையும் நோக்கி எழுந்தனவேயன்றிக் கேட்போரை நோக்கி எழுந்தன அல்ல. பொறி மாறுந்தோறும் கேட்போரின் நிலை யாதாயிற்று என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். பட்டு நெசவாற் பெயர்பெற்ற ஆரணியை இதற்குச் சான்றிடமாகக் கொள்வாம்.

ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் அமைந்தது. அந்நதி சென்று கலக்கும் செய்யாறே மலைபடுகடாத்துள் சேயாறு எனப் போற்றப்படுவது. 583 அடிகளான் இயன்ற அப்பாட்டு, நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறுவது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு முதலிய கருவிகளைப் பைகளிற் கட்டிச் சுமந்து அக்கூத்தர் மலைவழி நடக்கின்றனர். வழிநெடுக அவர்க்கு உணவளிப்போர் உளர். முடிவிற் பரிசில் நல்கும் தலைவன் உளன். இசை வேண்டின் இசைவாணர் நேரில் வருதல் வேண்டும். வந்தாரைப் புரத்தல் கேட்போர் கடன். விருந்தோம்பலும் இசைநுகர்ச்சியும் அன்று ஒன்றாய் நின்றன. ஆரணியைச் சூழ்ந்த சிற்றூர்களில் பாரதக் கூத்து இரவு முழுதும் நிகழுங்கால் இவ்வுறவின் எச்சத்தை இன்றும் காணலாம். இதனை ஓம்பிக் கேட்டல் எனலாம்.

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வரும் வள்ளைப்பாட்டு வேறொரு நிலையைக் காட்டும். அஃது உலக்கை கொண்டு குற்றுவோர் பாட்டு. பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்னும் பிரிவு ஆண்டு இல்லை. உலக்கையின் வீழ்ச்சியே தாளம். தொழில் செய்யும் வாயே பாடும் வாய். இது பாடிக் கேட்டல்.

இவ்விரு நிலையையும் முதலில் அசைத்தது இசைத்தட்டு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். நாடக மேடையில் விரித்துப் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவும் தட்டிற்குப் பாடுங்கால் அவ்வெல்லையுள் அடங்கவேண்டியவரானார். ஆயினும் 1933இல் மறைந்த அவர் குரலை நாம் இன்றும் கேட்கின்றோம். இசைவாணர் வருதலும் வேண்டா, வாழ்தலும் வேண்டா என்னும் புதுநிலை இவ்வாறு தோன்றிற்று.

சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் தொடங்கின. பின்னர்ச் சிறு வானொலிப் பெட்டிகள் மலிந்த காலத்துத் தறிவீடுகளிலும் அவை இடம்பெற்றன. இதன் காரணம் தொழிலிலேயே உள்ளது. குழித்தறியில் அமர்ந்தார்க்குக் கை நாடாவிலும், கால் மிதியிலும், கண் பாவிலும் பொருந்தியிருக்கும்; செவி ஒன்றே ஒழிந்திருக்கும். அச்செவியை வானொலி நிரப்பிற்று. ஒரு வீட்டுப் பெட்டியின் ஓசை அயல்வீட்டுத் தறிகட்கும் எட்டிற்று. ஆகலின் இதனைக் கூடிக் கேட்டல் என்க.

வேலைக்கிடையே கேட்பது கருத்தூன்றாக் கேள்வி என இகழ்வாரும் உளர். அது பொருந்தாது. யாம் ஆரணியிற் கண்ட முதிய நெசவாளர் ஒருவர், பழகிய பாட்டை வேறொருவர் பாட, அதிற் சங்கதி ஒன்று மாறிய அளவிலே நாடாவை நிறுத்தி நிமிர்ந்தார். அடுத்த தறியினரும் நிமிர்ந்தார். மாற்றம் தக்கதோ என இருவரும் சிறிது வாதிட்டனர். இலக்கியத் திறனாய்விற்கு இதனின் வேறான தொடக்கம் யாதுளது? எனினும் இழப்பும் மறைத்தற்குரியதன்று. வள்ளை பாடியோரைப்போல் தொழிலிடைப் பாடும் வாய் அடங்கிற்று. செவி மட்டுமே எஞ்சிற்று.

1963இல் வெளிவந்த ஒலிநாடாப் பேழை, பின்னர்த் தமிழகத்திற் பரவியபோது, வேண்டிய பாட்டை வேண்டிய பொழுதிற் கேட்கும் உரிமையைத் தந்தது. கைப்பேசி அவ்வுரிமையை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பகுத்தளித்துள்ளது. செவியில் ஒலிக்குமிழ் செருகிய இளைஞர் இருவர் அருகருகே நெய்கின்றனர். ஒருவர் கேட்பதை மற்றவர் அறியார். தறியின் ஓசையும் அவர்க்குப் புறத்ததாயிற்று. இது தனித்துக் கேட்டல். இவர்தம் சுவை குறைந்தது எனக் கூறுதற்குச் சான்றில்லை. முன்னையோர் கேளாத பலவற்றை இவர் கேட்கின்றனர். குறைந்தது சுவையன்று, சுவைத்ததைப் பற்றி வாதிடத் துணையாவார் உறவே.

இம்முடிபு நம் ஆய்வுமுறைக்கும் ஒரு கடமையை உணர்த்துகின்றது. நாட்டுப்பாடல் தொகுப்போர் பெரும்பாலும் சொற்களை எழுதிக்கொண்டு மீள்கின்றனர். எத்தொழிலிடை, எவரொடு, எவ்வோசைக்கு நடுவே அப்பாட்டு ஒலித்தது என்பதும் குறித்தற்குரியது. கூடிக் கேட்ட தலைமுறையினர் இன்று முதுமை எய்தினர். பாடியோரை மட்டுமன்றிக் கேட்டோரையும் நாடி அவர்தம் நினைவுகளைத் தறியொலியொடு பதிந்து வைத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளவேண்டிய பணியாம்.