நண்பர் குழாமும் நான்கு கருவிகளும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் கூறி அமையவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அரங்கிற்குத் துணைநின்றோர் ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. அவருள் தண்ணுமையோனுக்கு இளங்கோவடிகள் கூறும் இலக்கணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிற கருவிகளின் இசை குறையுமிடத்து நிரப்பவும், மிகுமிடத்து அடக்கவும் வல்லவனே சிறந்த முழவோன் என்பது அதன் கருத்து. கூட்டிசை என்பது உரத்து ஒலிப்பதன்று. பிறர் ஒலிக்கச் செவிகொடுப்பது.

இவ்வளவுகோலைக் கொண்டு, சென்ற நூற்றாண்டின் இளைஞரை ஆட்கொண்ட ராக் இசைக் குழுக்களையும் மதிப்பிடலாம். காதைத் துளைக்கும் கூச்சல் என்று அவற்றை ஒதுக்குவாரும் உளர். புதுமை என்பதனாலேயே போற்றுவாரும் உளர். இரண்டும் திறனாய்வாகா. ஒரு குழு எவ்வாறு தோன்றியது, எதனைக் கற்றது, எதனைப் படைத்தது என்று காண்பதே முறை.

போலச் செய்தல்

1961ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், 'ஷேடோஸ்' குழுவினருடன் சிங்கப்பூருக்கு வந்து ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் இசை நிகழ்த்தினார். ஷேடோஸ் குழுவின் 'அப்பாச்சி' என்னும் கருவியிசை அதற்கு முந்திய ஆண்டிலேயே இங்கிலாந்தில் முதலிடம் பெற்றிருந்தது. அந்நிகழ்ச்சி சிங்கப்பூர் இளைஞரிடையே கித்தார் வேட்கையைப் பெருக்கிற்று.

அதே 1961இல் குவீன்ஸ்டவுன் தொழில்நுட்பப் பள்ளியின் மாணவர் சிலர் ஒன்றுகூடி அமைத்த குழுவே 'குவெஸ்ட்ஸ்'. தேடல் எனப் பொருள்படும் அப்பெயரைத் தம் பள்ளி இதழின் பெயரிலிருந்தே எடுத்துக்கொண்டனர். வகுப்பறைத் தோழமை இசைத் தோழமையாயிற்று.

அக்கால இளைஞர் பலருக்கு இசைத்தட்டே ஆசானாக அமைந்தது. ஒரே தட்டைப் பன்முறை ஓடவிட்டு, ஊசியைத் தூக்கி மீண்டும் வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் செவியாலேயே தேடிப் பிடித்தனர். இதனை வெறும் போலி என்று இகழ்தல் தகாது. மணலில் எழுத்தின் மீது விரல் வைத்து எழுதிப் பழகாத புலவர் யார்? போலச் செய்தல் கல்வியின் முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடுதல்தான் குறை.

தமதாகச் செய்தல்

குவெஸ்ட்ஸ் நண்பர்கள் அவ்வாறு நின்றுவிடவில்லை. குழுவினருள் ஒருவரான ஹென்றி சுவா இயற்றிய 'ஷாண்டி' என்னும் கருவியிசை 1964இல் இசைத்தட்டாக வெளிவந்தது. உள்ளூர்ப் படைப்பு ஒன்று சிங்கப்பூர்ப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. அது விலக்கிய இடமோ உலகப் புகழ் வாய்ந்த பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒன்றுக்கு உரியதாக இருந்தது.

அதன் அமைப்பைக் காண்போம். முதன்மைக் கித்தார் மெட்டை இசைக்கின்றது. துணைக் கித்தார் அதற்கு அணை கோலுகின்றது. பேஸ் கித்தார் அடித்தளமாகின்றது. டிரம் காலத்தை அளந்து நிற்கின்றது. இவ்வொழுங்கு ஷேடோஸ் வகுத்த நெறியே; மெட்டு மட்டுமே தமது. எனவே இதனை முற்றிலும் புதுப்படைப்பு என்பது மிகையாகும். எனினும் எந்தக் கருவியும் மற்றொன்றை மிதித்து முந்தாமை இதன் சிறப்பு. தண்ணுமையோனுக்குக் கூறிய அடக்கம் ஈண்டு நால்வருக்கும் பொதுவாகின்றது. பின்னாளில் ரெஜி வர்கீஸ் முதன்மைக் கித்தாருடனும், 1966இல் வெர்னன் கார்னீலியஸ் பாடகராகவும் இணைந்தனர். ஆட்கள் மாறியும் குழு 1970 வரை நிலைத்தது. அதற்கு இவ்வடக்கமும் ஒரு காரணம் எனலாம்.

சொல் யார் தருவது?

ஷாண்டியில் சொல் இல்லை. ஆதலின் பன்மொழி வழங்கும் நகரில் அஃது எல்லார்க்கும் உரியதாயிற்று. ஆனால் மெட்டுடன் பாட்டு கூடும்போது மொழி வந்தே தீரும். மலாய் இளைஞர் இதனை விரைந்து உணர்ந்தனர். தம் குழுக்களுக்குக் 'குகிரான்' என்று தம் மொழியிலேயே பெயர் படைத்தனர். 'விறுவிறுப்பான கித்தார்க் குழு' எனப் பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது. எம். ஒஸ்மான் பாடிய 'சுசானா' போன்ற பாடல்களால் 'பாப் யே யே' என்னும் ஒரு மரபே எழுந்தது. வடிவம் வெளியிலிருந்து வந்தது. சொல் சொந்த மண்ணிலிருந்து வந்தது.

தமிழர்பால் கித்தார்த் திறன் இல்லாமற் போகவில்லை. 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றிய 'அல்லிகேட்ஸ்' குழுவின் தூண்களாக விளங்கியோர் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறப்புகள். லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர்தம் குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவை மலாய்ப் பாடல்கள். நாட்டு மொழியில் பாடி நாட்டினர் அனைவர் நெஞ்சிலும் இடம் பெற்றது பெருமையே. அதனைக் குறையாகக் கூறுதல் அறியாமை. எனினும் அவ்விளைஞர் கித்தாரை ஏந்திய நாளில், அக்கித்தாருக்கேற்ற தமிழ்ப் பாட்டை எழுதி அவர் கையில் கொடுக்க எத்தனைத் தமிழறிஞர் முன்வந்திருப்பர் என்னும் வினா எழாமல் இல்லை.

அரங்கேற்று காதை கருவியாளரை மட்டும் கூறிப் புலவனை விட்டுவிடவில்லை. அவனும் குழுவின் உறுப்பே. பள்ளி முடிந்த மாலையில் நான்கு மாணவர் ஒன்றுகூடிக் கித்தார் மீட்டுவராயின், அவர்களுக்கு ஐந்தாமவராக ஒரு பாவலர் தேவை. அவ்விடம் தமிழாசிரியர்க்கு உரியது. ஓசையைக் குறைகூறி விலகி நிற்பாரேல், அவ்விடத்தை வேறு மொழி நிரப்பும்; அதற்கு அம்மாணவரைப் பழித்தல் முறையாகாது.